ஜெரோம் அண்ணனை உள்ளே விடலாமா?

1

என் அக்கா பத்மா அரசியலுக்கு வந்த செய்தி கிடைத்தபோது நான் வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தேன். கையுறையைக் கழற்றித் தொலைபேசியை எடுப்பதற்குள் அழைப்பு நின்றுவிட்டது. பிறகு ஒரு குரல் பதிவு வந்தது. “நான் எலக்சன் கேக்கிறன். பயப்பிடாத. வெல்ல மாட்டன்.”

வென்றுவிட்டார். அதாவது, வட்டாரத்தில் நின்று அவர் வெல்லவில்லை. கட்சி வென்ற அளவுக்குப் பெண்கள் பட்டியலில் ஓர் இடம் கிடைத்தது. அக்கா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருமணம் செய்யவில்லை. வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்து ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடி ஃபிளாட்டில் தனியாக இருக்கிறார். கட்சிக்காரர்களுக்கு ஒதுக்கீட்டை நிரப்ப ஒரு பெண் குறைந்திருக்கிறார். கணவர் என்று ஒருவர் வந்து கேள்வி கேட்க மாட்டார் என்பதே அக்காவின் பெரிய தகுதி என்று ஒழுங்கை முனைக் கடைக்காரர் எனக்குப் பின்னர் விளக்கினார்.

அக்கா சபைக்குப் போய் ஒரு வருடம் ஆனபோது நான் விடுமுறைக்குப் போயிருந்தேன். எந்தச் சபை என்று எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் சபை என்று மட்டும் எழுதுகிறேன். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றில் வேறெதையும் மாற்றவில்லை.

வந்திறங்கிய மறுநாள் காலை, நான் இடியப்பத்துக்குச் சொதி ஊற்றிக்கொண்டிருக்கும்போது அக்கா சொன்னார்: “நீ கனடாப் பார்லிமெந்தில வேலை செய்யிறாய்தானே. எங்களுக்கு ஒரு பிரச்சினை. அங்க எப்பிடிச் செய்யினம் எண்டு வந்து சொல்லு.”

நான் வேலை செய்வது பார்லிமெந்தில் இல்லை. மாகாணச் சட்டசபை உறுப்பினர் ஒருவரின் தொகுதி அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிறேன். ஒரு பக்கம் மருந்துக்கடை, மறு பக்கம் கோழி பொரிக்கும் கடை. இதைப் பல வருடங்களாக அக்காவுக்கு விளக்கி வந்திருக்கிறேன். ஆனால் அக்கா என்னைப் பற்றி வெள்ளவத்தை முழுவதும் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தார்.

2

அங்கே எப்படிச் செய்கிறார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் உறுப்பினரின் பெயர் மார்கரெட். வெள்ளைக்காரப் பெண்மணி. அவருடைய தொகுதியில் பாதிக்கு மேல் நம்மவர்களும் நம்மைப் போன்றவர்களும். நான் எடுக்கும் அழைப்புகளில் பெரும்பாலானவை தமிழில் வரும். வாகனம் நிறுத்தியதற்குத் தண்டம், அடுத்த வீட்டுக்காரரின் மரக்கிளை, மருமகளின் விசா. இவற்றில் ஒன்றுகூட மாகாண அரசின் கையில் இல்லை. “ஓம் ஐயா, குறிச்சுக்கொண்டன்” என்று சொல்வதே என் உத்தியோகம்.

சட்டசபையில் வெள்ளையரல்லாத உறுப்பினர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். தங்களுக்கு நடப்பவற்றைத் தங்களுக்குள் பேசுவதற்கும், ஒரே குரலில் சிலவற்றைக் கேட்பதற்கும். மார்கரெட் அதில் சேர ஆசைப்பட்டார். தன் தொகுதி மக்களுக்காகத்தான் கேட்டார். அதில் பொய் இல்லை. தேர்த்திருவிழாவுக்குச் சேலை கட்டி வந்து, வெயிலில் வெறுங்காலுடன் நின்று, பாதம் கொப்பளித்த மனிதர். குழு மிகவும் அன்பாக மறுத்துவிட்டது. கனடாவில் மறுப்பை அப்படி அன்பாகச் சொல்வார்கள்; வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால்தான் மறுத்தது விளங்கும். மார்கரெட்டுக்குக் காரில் வரும்போதே விளங்கிவிட்டது. கண் சிவந்திருந்தது.

“அவர்கள் செய்தது சரியில்லை” என்று நான் அவரைத் தேற்றினேன். வீட்டுக்கு வந்து கணவரிடம், “சரியாத்தான் செய்திருக்கினம்” என்றேன். இரண்டையும் மனதாரத்தான் சொன்னேன்.

“உங்கட மார்கரெட்டை விட்டால் நாளைக்கு எல்லா மார்கரெட்டும் வருவினம்” என்றார் அவர், பருப்பைக் கிளறிக்கொண்டே.

பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கும் எங்கள் மகள் துளசி மேசையிலிருந்து நிமிர்ந்து, ஆளின் நிறத்தைப் பார்த்து ஒரு கதவைத் திறப்பதும் மூடுவதும் அடிப்படையிலேயே பிழை என்று ஆங்கிலத்தில் நீளமாக விளக்கினாள். அவளோடு வாதாடும்போது எனக்கு ஆங்கிலம் போதாது. அவளுக்குத் தமிழ் போதாது. ஆகவே எங்கள் வீட்டில் சண்டைகள் சீக்கிரம் முடிந்துவிடும்.

இவ்வளவு அனுபவத்துடன்தான் நான் கொழும்புக்கு நிபுணராக வந்திறங்கியிருந்தேன்.

3

சபைக் கட்டடத்துக்கு அக்கா முன்னால் போய்விட்டார். நான் பின்னால் முச்சக்கர வண்டியில் போய் இறங்கி, வாசலில் இருந்த காவலாளியிடம், பெண் உறுப்பினர்களின் கோக்கஸ் எங்கே நடக்கிறது என்று கேட்டேன். இப்படியான குழுவுக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். இருபது வருடம் கனடாவில் இருந்த நாக்கு அதைக் கொஞ்சம் அதிகப்படியாகவே உருட்டியிருக்க வேண்டும். அவர் சிங்களவர், வயதானவர். என்னை மேலும் கீழும் பார்த்து, அனுதாபத்துடன், “கக்குஸிய த, மிஸ்? உட. அந்திம தொர” என்றார்.

கக்கூஸா? மேலே, கடைசிக் கதவு.

நான் வெட்கத்தில் அவசரமாகத் திருத்தினேன். அவருக்கு விளங்கவில்லை. மேலே போய்ப் பார்த்தால், அவர் சொன்னது இரண்டு வகையிலும் சரி. அந்தத் தளத்தில் பெண்களுக்கான கழிவறை ஒன்றுதான் இருந்தது. அது கடைசி அறைக்குள் இருந்தது. அந்த அறையைத்தான் பெண் உறுப்பினர்கள் பல மாதம் கெஞ்சியும் முறைத்தும் வாங்கியிருந்தார்கள். முன்பு உடைந்த தட்டச்சு இயந்திரங்கள் கிடந்த இடம். இப்போது ஒரு நீள மேசை, கதிரைகள், ஏசி. சபைக் கட்டடத்திலேயே ஒழுங்காக வேலை செய்த ஏசி அது என்று சொன்னார்கள். ஆண் உறுப்பினர்களுக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம்.

கதவுக்கு வெளியே ஒரு மர வாங்கு. அதில் வெள்ளைச் சட்டையுடன் ஒரு பெரியவர் குடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, “பத்மா மிஸ்ஸோட தங்கச்சிதானே? போங்க, போங்க, உள்ள இருக்காங்க” என்று கதவைத் திறந்துவிட்டார்.

அவர்தான் ஜெரோம் அண்ணன். கொட்டாஞ்சேனைக்காரர். துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றபின் சபைக்கு வந்தவர். மனைவி இளவயதில் இறந்துவிட, மூன்று பெண் பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். சபையில் அவர் பேசுவது ஒரே ஒரு விஷயம்: துறைமுகப் பக்கத்துச் சந்தையில் மரக்கறியும் மீனும் விற்கும் பெண்களுக்கு ஒரு கழிவறை வேண்டும். காலையில் வந்து இருட்டும்வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள், அதனால் நோய் வருகிறது என்று, பெண்கள் எவரும் சபையில் இல்லாத காலத்திலிருந்தே பேசிக்கொண்டிருந்தார். வீதி விளக்கு பற்றிய விவாதமானாலும் வரவு செலவு பற்றிய விவாதமானாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார். அவருக்குக் கிடைத்த பட்டப்பெயர் ‘கக்கூஸ் ஜெரோம்’. அதையும் சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே போய் இருந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. நான் வேறு நாட்டுக் கடவுச்சீட்டுக்காரி. இந்த ஊரில் எனக்கு வாக்குக்கூட இல்லை. நான் ஏசிக்குக் கீழே இருந்து ரோல்ஸ் சாப்பிடுகிறேன். இங்கே பிறந்து, இங்கே தெரிவு செய்யப்பட்டவர் வெளியே வாங்கில் இருக்கிறார்.

4

பிரச்சினை அதுதான். ஜெரோம் அண்ணன் பெண்கள் குழுவில் சேரக் கேட்டிருந்தார்.

கேட்டவுடன் எல்லோருக்கும் சந்தோஷம். குழுவில் ஏழு பெண்கள். வெவ்வேறு கட்சிகள், மூன்று மதங்கள், இரண்டு மொழிகள். ஒரு கட்சி மற்றதை அமுக்கிவிடக் கூடாது என்பதற்காக, எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் எதையும் செய்வது என்று தொடக்கத்திலேயே முடிவெடுத்திருந்தார்கள். ஜெரோம் அண்ணன் விஷயத்தில் முதல் தடவையாக விவாதமே இல்லாமல் ஒத்துக்கொள்ள இருந்தார்கள்; பெண்கள் குழுவில் ஓர் ஆணை எடுக்க விதியை எப்படி எழுதுவது என்பதுதான் மிச்சம்.

“ஜெரோம் மாத்தயா எங்க ஆளுதானே” என்றார் குசும் அக்கா. சிங்களப் பெண்மணி, வாய் நிறைய வெற்றிலை, அவருடைய தமிழ் கொச்சையாக இருந்தாலும் கேட்பதற்கு இதமாக இருக்கும். “எங்க பேர்ல அவர் ஏச்சு வாங்கினது. அவர் வரட்டும்.”

அந்தச் சமயத்தில் நௌஷாத் கதவைத் தட்டினார்.

நௌஷாத் கிராண்ட்பாஸ் வட்டாரத்து உறுப்பினர். இளைஞர், நல்ல சிரிப்பு. வரும்போதெல்லாம் ஒரு பெட்டி பெட்டிஸ் பலகாரம் கொண்டுவருவார். நான் சாப்பிட்ட ரோல்ஸும் அவர் கொடுத்தனுப்பியதுதான். பெண்கள் பட்டியலில் உறுப்பினரான சிஹானா அவருடைய மனைவி. கட்சிக்கு ஒரு பெண் குறைந்தபோது, வீட்டிலிருந்தே ஒருவரைக் கொடுத்தார்.

“ஜெரோம் நானாவ எடுக்கிறதெண்டு கேள்விப்பட்டேன். நல்ல விஷயம்” என்றார் வாசலில் நின்றபடி. அவர்கள் வழக்கில் நானா என்றால் அண்ணன். “அப்ப என்னையும் எடுங்க. பெண்கள் உரிமையில எனக்கும் சரியான ஆர்வம். சிஹானாட்ட கேளுங்களே.”

சிஹானா மேசை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

“அவவுக்கு விருப்பந்தான்” என்றார் நௌஷாத்.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். மனைவியைப் பகிடி பண்ணுவதில்லை, குரல் உயர்த்துவதில்லை. சிஹானா வாய் திறந்தால் இவர் முடித்து வைப்பார், அவ்வளவுதான். சபையில் சிஹானா எழுந்து, “கௌரவ தலைவர் அவர்களே” என்று தொடங்கினால், பின்வரிசையிலிருந்து, “அவ சொல்ல வாறது என்னெண்டா” என்று ஒரு குரல் வரும். ஒரு வருடத்தில் சிஹானா சபையில் ஒரு பேச்சையும் முடிக்கவில்லை என்று அக்கா சொன்னார்.

ஆனால் அந்தக் கடைசி அறையில் சிஹானா பேசுவார். அன்று நௌஷாத் போனபிறகு, சந்தைக் கழிவறைக்கு எந்த இடம் சரி, தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கத்தால் வரும், இரவில் யார் பூட்டுவது என்று அவர் பேசியதை நான் கேட்டேன். கையை மேசையில் குத்திக் குத்திப் பேசினார். குசும் அக்காவோடு சிங்களத்தில் சண்டை பிடித்தார். வென்றார்.

மற்றவர்கள் கலைந்தபிறகு, அக்காவும் நானும் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். சிஹானா போகாமல் நின்றார்.

“பத்மா அக்கா, உங்களுக்கு ஒண்டு சொல்லணும். ஆருக்கிட்டயும் சொல்லப்படா.”

“சொல்லும்.”

“அடுத்த முறை எனக்குப் பட்டியல்ல வர விருப்பமில்ல. வட்டாரத்தில கேக்கணும். எங்கட வட்டாரத்திலேயே.”

அக்கா குழாயை மூடினார். அவர்களுடைய வட்டாரம் என்றால் அது நௌஷாத்தின் வட்டாரம்.

“அவருக்குத் தெரியுமே?”

“இன்னும் இல்ல. சனம் என்னட்டத்தான் வாறாங்க, அக்கா. வூட்டுக்கு வந்து என்னட்டச் சொல்றாங்க. நான் அவருக்குச் சொல்றேன். அவர் சபையில சொல்றார். அப்ப நானே சொன்னா என்ன?” கொஞ்சம் நிறுத்தி, “எனக்கு எங்கயும் வாய் திறக்க ஏலாம ஈக்குது. இங்கதான் ஏலும்” என்றார்.

என்னைப் பார்த்து, “நீங்க கனடாலதானே. சொல்லமாட்டீங்க” என்றும் சொன்னார். இப்போது அவரே ஊருக்குச் சொல்லிவிட்டதால்தான் எழுதுகிறேன்.

5

அன்று பின்னேரம் அக்காவும் நானும் கடற்கரைப் பக்கம் நடந்தோம். தெஹிவளைக்குப் போகும் ரயிலில் ஆட்கள் வாசலில் தொங்கிக்கொண்டு போனார்கள்.

“ஜெரோம் அண்ணனுக்கு ஓமெண்டால் நௌஷாத்துக்கும் ஓம்” என்றார் அக்கா. “ஆம்பிளையள் வரலாமோ வரக்கூடாதோ. இவர் நல்லவர், அவர் வாய்க்காரர் எண்டு எழுதேலுமே? நீ என்ன சொல்லுறாய்? அங்க என்ன செய்தவை?”

நான் துளசியை அழைத்தேன். அங்கே காலை, அவள் பேருந்தில் இருந்தாள். ஜெரோம் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். கட்டாயம் சேர்க்க வேண்டும், பெண்களுக்காக உழைப்பவர் உள்ளே இருக்கலாம், உடம்பு முக்கியமில்லை, நோக்கம்தான் முக்கியம் என்றாள். நௌஷாத்தைப் பற்றிச் சொன்னேன். கட்டாயம் சேர்க்கக் கூடாது என்றாள். அப்படியென்றால் விதியை எப்படி எழுதுவது என்று கேட்டேன். 

“அம்மா, எனக்குக் கிளாஸ் இருக்கு” என்றாள், சுத்தமான தமிழில்.

ஆகவே நானே எழுதினேன். பெண்கள் முழு உறுப்பினர்கள்; குழுவின் நோக்கத்தில் ஈடுபாடுள்ள ஆண்கள் ‘நட்புறுப்பினர்கள்’, பேசலாம், வாக்கில்லை. மூன்று வரிகள்தான். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது ஓர் அசல் கனடாக்காரியாக உணர்ந்தேன். யாருக்கும் மனம் நோகாது.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

“வாக்கில்லை. ஆனால் கதைக்கலாம்.”

“ஓம்.”

“நௌஷாத் வோட்டுப் போடுறதாலயே சிஹானா வாய் திறக்கிறேல்லை?”

திரும்ப வாசித்துப் பார்த்தேன். என் மூன்று வரிகளில் அடக்க வேண்டிய பேச்சை விட்டுவிட்டு, அடக்கத் தேவையில்லாத வாக்கை அடக்கியிருந்தேன்.

6

அக்கா அந்த வரைவையே கூட்டத்துக்குக் கொண்டுபோனார். வேறு ஒன்றும் கையில் இல்லை. தான் எதிர்த்து வாக்களித்தால் காரணம் கேட்பார்கள், காரணம் அக்காவுடையதல்ல, சிஹானாவுடையது. “அவ தானே முடிவெடுக்கட்டும்” என்றார் படியேறும்போது.

வழக்கம் என்னவென்றால், கேட்க வந்தவர்கள் தங்கள் விருப்பத்தைச் சொல்லிவிட்டு வெளியே போவார்கள். பிறகு உள்ளே முடிவெடுப்பார்கள். ஜெரோம் அண்ணன் சுருக்கமாகப் பேசினார். “எனக்குத் தெரிஞ்சத சொல்லித் தர ஏலும். மத்தது உங்களுக்கே தெரியும்.” அவ்வளவுதான். நௌஷாத் பெண்கள் உரிமை பற்றி ஏசி குளிர்ந்து எல்லோரும் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொள்ளும்வரை பேசினார். பேச்சு நன்றாகவே இருந்தது.

ஜெரோம் அண்ணன் குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

“இருங்க நானா” என்றார் நௌஷாத். “ஒளிச்சு வச்சு வோட்டுப் போடுறதுக்கு இதென்ன? எங்களுக்கு முன்னாலயே கேக்கட்டும். ஜனநாயகம்தானே.”

யாரும் மறுக்கவில்லை. மறுத்தால் ஒளிக்க ஏதோ இருப்பதுபோல் ஆகிவிடும். ஜெரோம் அண்ணன் சங்கடத்துடன் திரும்ப இருந்தார்.

கூட்டத்தை நடத்திய அக்கா ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். குசும் அக்கா, ஓம். அடுத்தவர், ஓம். அதற்கடுத்தவர், ஓம். சிஹானாவின் முறை வந்தது.

“அவ ஓம்” என்றார் நௌஷாத்.

“அவவைத்தான் கேட்டனான்” என்றார் அக்கா.

சிஹானா நிமிர்ந்தார். “எனக்கு விருப்பமில்ல.”

நௌஷாத் சிரித்தார். அவர் உண்மையிலேயே பகிடி என்று நினைத்தார். “என்ன விருப்பமில்ல?”

“ஆம்புளயள் வர வேணாம்.”

“நான் வரவேணாமெண்டா சரி, வூட்டிலயும் பாக்கிறாதானே” என்று நௌஷாத் எல்லோரையும் பார்த்தார். சிலர் சிரித்தார்கள். “ஜெரோம் நானா என்ன செஞ்சார்? எங்கட ஒழுங்கைக்கு லைட் போட்டுத் தந்த மனிசன். அவரும் வேணாமா?”

சிஹானா கணவரைப் பார்க்கவில்லை. ஜெரோம் அண்ணனைப் பார்த்தார். நேராகப் பார்த்துச் சொன்னார்.

“அவரும்தான்.”

 குசும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது; கோபத்திலும் சிங்களத்தில் தங்கை என்றே கூப்பிட்டார். “ஐயோ, ஏன் நங்கி? என்ன காரணம்?”

“காரணம் சொல்லணுமா?” என்று சிஹானா அக்காவைக் கேட்டார்.

“தேவையில்லை” என்றார் அக்கா. “ஒராள் வேண்டாமெண்டால் வேண்டாம். அதுதான் எங்கட பேச்சு.”

ஜெரோம் அண்ணன் எழும்பினார். “சரி புள்ள” என்றார் சிஹானாவிடம். குரலில் ஒன்றும் இல்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். நௌஷாத் இன்னும் கொஞ்ச நேரம் நின்று, “அவவுக்கு இன்னும் அரசியல் விளங்கல்ல” என்று மன்னிப்புக் கேட்கும் தொனியில் சொல்லிவிட்டுப் போனார்.

மிச்ச நேரம் சிஹானாவோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நன்றி கெட்டவள் என்று ஒருவர் சொன்னது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். தன் பையை எடுத்துக்கொண்டு, சந்தைக் குழாய் விஷயத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதை அக்காவிடம் நினைவுபடுத்திவிட்டு இறங்கிப் போனார். படியில் காலை வைக்கும்போது கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார்.

7

இரண்டு நாள் கழித்து அக்கா, “நான் கொட்டாஞ்சேனைக்குப் போறன். வாறியா?” என்றார்.

ஜெரோம் அண்ணனின் வீடு தேவாலயத்துக்குப் பின்னால், முச்சக்கர வண்டி திரும்ப முடியாத, தோட்டம் என்று அங்கே சொல்லும் ஒரு நெருக்கமான குடியிருப்பில் இருந்தது. நாங்கள் முனையில் இறங்கி நடந்தோம். முன்னறையில் மூன்று மகள்மாரின் கல்யாணப் படங்கள். ஒருவர் இத்தாலியில், ஒருவர் கட்டாரில், ஒருவர் பக்கத்து ஊரான வத்தளையில். வத்தளைதான் மிகவும் தூரம், அவள்தான் வருவதே இல்லை என்றார் ஜெரோம் அண்ணன். அவரே பால் விடாத பிளேன்டீ ஊற்றி, கருப்பட்டித் துண்டுடன் கொண்டுவந்தார்.

அக்கா தொடங்கினார். “அண்ணன், அண்டைக்கு நடந்தது…”

“விடுங்க மிஸ்.”

“நீங்கள் பிழையா நினைக்கக்கூடாது.”

“எப்பிடி நினைக்கிறது சொல்லுங்க?” கோப்பையைக் கீழே வைத்தார். “அந்த வெசயத்தப் பேசித்தான் எனக்கு அந்தப் பேரு வந்திச்சு. பஸ்ஸில போனாலும் கூப்புடுறானுங்க. சரி, போவட்டும். இப்ப அந்த வெசயம் ஏசி ரூமுக்குள்ள போயிருச்சு. நான் வெளியால. அது சிரிப்புத்தானே? நானே சிரிச்சேன்.”

அவர் சிரிக்கவில்லை.

அக்காவின் தொண்டைவரை வந்ததை நான் கண்டேன். ஒரு வாக்கியம் போதும், மனிதர் தெளிந்துவிடுவார். ஆனால் அந்த வாக்கியம் சிஹானாவுடையது. அக்கா தேநீரைக் குடித்தார்.

“அந்தப் புள்ள என்னப் பாத்துத்தான் சொன்னா” என்றார் ஜெரோம் அண்ணன், கொஞ்ச நேரத்துக்குப் பிறகு. “ஆனா எனக்குச் சொன்ன மாதிரி இருக்கல்ல.” எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நான் கேக்க மாட்டேன். கேட்டா நீங்க பொய் சொல்ல வேண்டி வரும்.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

“மூணு பொம்பளப் புள்ளைகள வளத்தவன் நான். அந்த உள் ரூமில கதவச் சாத்திக்கிட்டு மூணும் குசுகுசுண்டு பேசும். நான் வெளியால நிப்பேன், சாப்பாட்டுக் கோப்பையோட. சொல்ல வேண்டியது இருந்தா வெளிய வந்து சொல்லும்கள் எண்டு தெரியும்.” மகள்மாரின் படங்களைப் பார்த்தார். “தெரியும். ஆனா ஒரு நாளும் அது எனக்குப் பிடிச்சதில்ல. இதுவும் பிடிக்கல்ல. அத நீங்க தெரிஞ்சிக்கணும்.”

“விளங்குது, அண்ணன்.”

“நான் அடுத்த வருசமும் கேப்பேன்.”

“கேளுங்கோ” என்றார் அக்கா.

திரும்பி வரும்போது முச்சக்கர வண்டியில் எனக்கு மார்கரெட்டின் சிவந்த கண்கள் நினைவுக்கு வந்தன. அந்தக் குழு ஏன் மறுத்தது என்று அப்போது எனக்குத் தெரிந்ததாக நினைத்திருந்தேன்; கணவரின் ஒரு வரியில் அது முடிந்திருந்தது. உள்ளே அன்று யார் வாய் திறக்கக் காத்திருந்தார் என்று நான் யோசித்ததே இல்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு வழியும் இல்லை. கதவு மூடியிருப்பதன் பொருளே அதுதான். அதற்காக மார்கரெட்டின் பாதம் கொப்பளித்தது பொய்யாகிவிடாது.

8

கனடாவுக்குத் திரும்பி வந்தேன். தொலைபேசி, வாகனத் தண்டம், மரக்கிளை. ஓம் ஐயா, குறிச்சுக்கொண்டன்.

சந்தைக் கழிவறை கட்டி முடிந்தது. திறப்பு விழாவுக்கு நாடா வெட்ட ஆள் தேடியபோது, பெண்கள் ஏழு பேரும் ஜெரோம் அண்ணனைக் கூப்பிட்டார்கள். அவர் வரவில்லை, கால் வலி என்று சொல்லியனுப்பினார். அடுத்த நாள் காலை தனியாகப் போய்ச் சந்தைப் பெண்களோடு நின்று பார்த்துவிட்டு, தண்ணீர் வருகிறதா என்று குழாய்களைத் திறந்து மூடிவிட்டுப் போனாராம்.

சிஹானா வீட்டில் சொல்லிவிட்டார். எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. சில வாரம் அவர் சபைக்கு வரவில்லை. வந்தபோது மெலிந்திருந்தார் என்று மட்டும் அக்கா சொன்னார். பிறகு கட்சி அவரை வட்டாரத்துக்கு அறிவித்தது. நௌஷாத் இப்போது கட்சியின் அமைப்பாளர். பெண்களுக்கு இடம் விட்டுக் கொடுப்பதே தன் அரசியல் என்றும், மனைவியைக் கேட்கச் சொன்னதே தான்தான் என்றும் மேடைகளில் சொல்கிறார். சிஹானா மறுப்பதில்லையாம். ஆனால் தன் பேச்சைத் தானே முடிக்கிறார்.

கடந்த வாரம் அக்கா அழைத்தார். இம்முறை கையுறை இல்லை, உடனே எடுத்தேன்.

“ஜெரோம் அண்ணன் திரும்பக் கேட்டவர்” என்றார். “சொன்ன மாதிரியே.”

“பிறகு?”

“இந்த முறை அவருக்கு மட்டும் எண்டு கேட்டம். ஆம்பிளையள் எண்டு இல்லாமல், ஜெரோம் அண்ணன் எண்டு.”

“சிஹானா?”

“முதல் கை தூக்கினது அவதான்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. “அப்ப அவர் உள்ளுக்கு வந்திட்டார்” என்றேன்.

“இல்லை.” அக்கா பெருமூச்சு விட்டார். “இந்த முறை வேற ரெண்டு பேர் கை தூக்கேல்லை.”

யார் என்று கேட்டேன். சொன்னார். இருவரும் போன வருடம் ஓம் என்றவர்கள்.

“ஏனாம்?”

“நான் கேக்கேல்லை” என்றார் அக்கா.